வழித்துணையாய் வந்தவளின் மலைச்சாலை

சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றைக் கடந்து, மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றால், வயல்களும் வாழைத் தோட்டங்களும் மெல்ல விலகிக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு கோபுரம் தென்படுகிறது. அதுவே பண்ணாரி. அங்கு தெற்கு நோக்கி வீற்றிருக்கும் மாரியம்மனைக் கொங்கு நாட்டு மக்கள் 'பண்ணாரி ஆத்தா' என்றே அழைப்பர். கோயிலுக்குப் பின்னே சுவர் போல் எழுந்து நிற்கிறது திம்பம் மலை. 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர் செல்லும் சாலை, அன்னையின் வாசலிலிருந்தே புறப்படுகிறது எனலாம். மேலே ஏறும் வண்டி எதுவாயினும் இங்கு ஒரு கணம் நிற்கும். ஓட்டுநர் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட பின்னரே முதல் வளைவில் திரும்புவார்.

இவ்வழக்கத்துக்குக் காரணம் தல வரலாற்றிலேயே உள்ளது. மாடுகள் மேய்ந்த இக்காட்டில் ஒரு பசு தன் கன்றுக்கும் பால் கொடாமல், உரியவனுக்கும் பால் தராமல் நின்றதாம். பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது, ஒரு வேங்கை மரத்தடியில் கணாங்குப் புல் சூழ்ந்த புற்றின்மேல் அது தானே பாலைச் சொரிந்துகொண்டிருந்தது. புல்லை விலக்கிப் பார்க்க, புற்றும் அதனருகே லிங்கத் திருவுருவும் தெரிந்தன. கூடியிருந்தோருள் ஒருவர்மேல் அருள் வந்து அன்னை உரைத்தாள்: மண்ணார்க்காட்டிலிருந்து பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மைசூர் செல்வோருக்கு வழித்துணையாக வந்தேன், இவ்விடத்தின் எழிலில் மனம் தோய்ந்து இங்கேயே தங்கிவிட்டேன். அன்று முதல் புல்வேய்ந்த குடிலில் வழிபாடு தொடங்கி, இன்று கொங்கு நாட்டின் பெருங்கோயில்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. இத்தலத்தில் திருநீற்றுக்குப் பதிலாகப் புற்று மண்ணே பிரசாதம்.

ஆக, இவள் ஊர்க்காவல் தெய்வம் மட்டுமல்லள்; சாலையின் தெய்வம். பொதிமாடுகள் போன வழியில் இன்று சரக்கு லாரிகள் போகின்றன.

பங்குனியில் நடைபெறும் குண்டம் திருவிழாவை அறியாத பக்தர் கொங்கு நாட்டில் இல்லை. பூச்சாட்டு முடிந்ததும் அம்மன் சப்பரத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு எழுந்தருளுவாள். குண்டத்துக்கான விறகை இங்கு விறகு என்று சொல்வதில்லை. 'எரிகரும்பு' என்பதே மரபு. அந்தக் கரும்பு எரிந்து கனலான பின் முதலில் பூசாரி இறங்க, அவரைத் தொடர்ந்து ஆணும் பெண்ணும் இறங்குவர். கடைசியில் உழவர்கள் தம் கால்நடைகளையும் குண்டத்தின் வழி ஓட்டிச் செல்வர். மனிதரோடு மாட்டுக்கும் நேர்த்திக்கடன் உண்டு என்று எண்ணிய மக்கள் இவர்கள்.

மாட்டுக்கு உண்டு, காட்டுக்கு?

கோயிலைச் சுற்றியுள்ள வனம் 2008-இல் சரணாலயமாகவும், 2013-இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,408 சதுர கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் இது. யானைகள் ஒரு வனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி இங்கேதான் இருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஒரு காலத்தில் வீரப்பனின் பெயருக்கு அஞ்சி, பொழுது சாய்ந்தால் இம்மலையில் ஏறத் தயங்கியவர் பலர். 2004-இல் அந்த அச்சம் நீங்கியது. இரவு முழுதும் வண்டிகள் ஓடலாயின. மனிதனின் அச்சம் நீங்கிய இடத்தில் விலங்கின் அச்சம் தொடங்கிற்று என்று சொன்னால் அது மிகையாகாது. நீர் தேடிச் சாலையைக் கடக்கும் புள்ளிமானும் கடமானும் சிறுத்தையும் விளக்கொளியில் கண் கூசி நின்றுவிடும். வளைவு திரும்பி வரும் வண்டிக்கு அதைக் காணவும் நேரமில்லை, நிற்கவும் இடமில்லை.

மாவட்ட நிர்வாகம் 2019 ஜனவரியில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்து ஆணையிட்டும் அது நடைமுறைக்கு வரவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல், சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 மணி முதலும் ஏனைய வாகனங்களுக்கு இரவு 9 மணி முதலும், காலை 6 மணி வரை பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே சாலை மூடப்பட்டது. தாளவாடி மலைமக்கள் கொதித்தெழுந்தனர், கடைகளை அடைத்தனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. முட்டைக்கோசும் தக்காளியும் விடியற்காலைச் சந்தையைப் பிடிக்காவிட்டால் விலை போகாது. பிரசவ வலி கடிகாரம் பார்த்து வருவதில்லை. பின்னர் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் நீதிமன்றம் விலக்கு அளித்தது. பதினாறு டன்னுக்கு மேற்பட்ட பெருவண்டிகளுக்கு இச்சாலையே கூடாது என்றது. சட்டம் இரவைக் காக்கிறது. பகலைக் காப்பது யார்?

பகலில் இம்மலையில் ஏறுவோருள் பெரும்பாலோர் குற்றம் செய்யும் நோக்கமற்றவர்கள். குடும்பத்தோடு வரும் பக்தர்கள். கோயிலில் தரிசனம் முடித்து, கையில் மீந்த பழத்தோடும் பொரியோடும் காரில் ஏறுகிறார்கள். வளைவுகளின் தடுப்புச் சுவரில் வரிசையாக அமர்ந்திருக்கும் குரங்குகளைக் கண்டதும் வண்டியின் கண்ணாடி இறங்குகிறது. வாயில்லா ஜீவனுக்கு ஓர் உருண்டைச் சோறு என்பது நம் வீடுகளில் பாட்டியர் ஊட்டிய அறம் அல்லவா? அதனால்தான் இந்தப் பகல்நேர வேலை வனத்துறையினரால் மட்டும் ஆவதாக இல்லை. விழாக் காலங்களிலும் விடுமுறை நாட்களிலும், சம்பளம் பெறாத சிலர் அவர்களோடு சேர்ந்து சாலையோரம் நிற்கிறார்கள். அபராதம் விதிக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. கையை நீட்டி வண்டியை நிறுத்தவும், நாலு வார்த்தை சொல்லவும் மட்டுமே முடியும். அதிலும் சிலர் நிற்பதில்லை. நின்றவருள் சிலர் கேட்பதில்லை.

இது புதுமையான தொண்டும் அன்று. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லலாகாது. குறித்த இடமன்றி வண்டியைவிட்டு இறங்கலாகாது. அந்நாட்டின் பூங்காக்களில் 'கௌரவ ரேஞ்சர்கள்' என்னும் தன்னார்வலர்கள் 1964 முதல் ஊதியமின்றித் துணை நிற்கின்றனர். பணி ஓய்வு பெற்ற முதியோரும் தம் செலவில் வந்து சீருடை அணிந்து, பார்வையாளருக்கு விதிகளை எடுத்துச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பெரியார் புலிகள் காப்பகத்தின் நடுவே உள்ள சபரிமலையில் 2011-இல் தொடங்கிய 'புண்ணியம் பூங்காவனம்' பணியில், மாலை அணிந்த ஐயப்பன்மார்களே குப்பை அள்ளியதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பர்.

பண்ணாரிச் சோதனைச் சாவடியருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து தாளவாடியில் உள்ள பேத்தி வீட்டுக்குச் செல்லும் ஒரு குடும்பம், தரிசனம் முடித்து வண்டியில் ஏறியது. ஓட்டியவன் பேரன். முன் இருக்கையில் எழுபத்து நான்கு வயது அப்பத்தா. மடியில் ஒரு தார்த்துண்டு பூவன் பழம். சாலையோரம் நின்றிருந்த தன்னார்வலர் கை காட்டினார். அறுபதைக் கடந்தவர்; அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இதே மலையில் பல ஆண்டுகள் வண்டி ஏற்றி இறக்கியவர்.

"தம்பி, முப்பதுக்கு மேல போக வேண்டாமுங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது கியரை மாத்தாம, ஏறுன கியர்லயே இறங்கணும். ஆனை நின்னா தூரத்துலயே நிறுத்திக்கங்க, ஹாரன் அடிக்காதீங்க, இறங்காதீங்க" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, அவருடைய பார்வை அந்தப் பழத்தின்மேல் விழுந்தது. "ஏனுங்கம்மா, இத்தனை பழம் எங்கீங்க கொண்டு போறீங்க?"

"கொரங்குக்குங்க. இருவத்தேழு வளைவுக்கும் வளைவுக்கு ஒண்ணு. எங்க வீட்டுக்காரரு உடம்பு சரியில்லாம கெடந்தப்ப ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டது. இருவத்தேழு வளைவு, இருவத்தேழு நட்சத்திரம். அவரு போய் ஒம்பது வருசமாச்சு. நான் நிறுத்தலீங்க."

தன்னார்வலர் உடனே பதில் சொல்லவில்லை. சட்டத்தையும் அபராதத்தையும் சொல்லியிருக்கலாம். வன விலங்குக்கு உணவிடல் குற்றம் என்ற பலகை அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் சொன்னது வேறு.

"நான் வண்டி ஓட்டிட்டிருந்தப்ப, பதினாலாவது வளைவுலீங்கம்மா, முன்னால போன காருல இருந்து ஒரு பழத்தை வீசுனாங்க. அது உருண்டு ரோட்டுக்கு வந்துருச்சு. எடுக்க ஒரு தாய்க்கொரங்கு குறுக்க வந்துச்சு. என்னால நிறுத்த முடியலீங்க. வயித்துல குட்டி இருந்துச்சு. குட்டிக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அது தாயை விடமாட்டேங்குது. மத்ததெல்லாம் சுத்தி வந்து உக்காந்துருச்சு. ஒரு பஸ்ஸு சனமும் இறங்கிப் பாத்துட்டு நின்னோம். பழம் போட்டவங்க மேல தப்பு இல்லீங்க, அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்னிக்குத் தெரியாது."

அப்பத்தாவின் முகம் கறுத்தது. "அப்ப இத்தனை வருசம் நான் பண்ணுனது பாவமுங்களா?"

"அதை நான் எப்படிங்கம்மா சொல்றது? ஆத்தாகிட்டக் கேளுங்க" என்று சொல்லி, அவர் அடுத்த வண்டியை நோக்கி நகர்ந்துவிட்டார். அவர் ஆறுதலாக ஏதேனும் சொல்லியிருக்கலாமே என்று தோன்றக்கூடும். சொல்லாததே நேர்மை என்றும் தோன்றுகிறது.

மலை ஏறியது. வளைவு தோறும் எண்ணெழுதிய பலகை. ஒவ்வொரு பலகையையும் அப்பத்தா வாய்க்குள் எண்ணினார்; மடியிலிருந்த பழத்தின்மேல் முந்தானையைப் போட்டு மூடியிருந்தார். தடுப்புச் சுவரில் குரங்குகள் இருந்தன. காரின் வேகம் குறைந்தபோதெல்லாம் அவை எழுந்து முன்வந்தன. கையை எதிர்பார்த்துப் பழகிய கண்கள். காட்டில் அத்தியும் நாவலும் காய்த்துக் கிடக்க, இவை தார்ச்சாலையில் குடியிருப்பதற்கு யார் காரணம் என்பது அந்தக் கண்களிலேயே எழுதியிருந்தது. பதினான்காம் வளைவில் அப்பத்தா கண்களை மூடிக்கொண்டார். திம்பத்தின் உச்சி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அங்கு வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால், பவானிசாகர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு போலக் கிடக்கும், காற்று குளிரும். பேரன் நிறுத்தட்டுமா என்று கேட்டான். அவர் வேண்டாம் என்றார்.

திரும்பும்போது மாலை ஐந்தரை மணி. காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்பே வண்டிகள் நின்றிருந்தன. இவ்விடத்தின் கதை மலைவாழ் மக்களுக்கு மனப்பாடம். மலைமேல் விளையும் கரும்பு, லாரிகளில் சமவெளி ஆலைக்கு இறங்குகிறது. அளவுக்கு மீறிய உயரத்துக்கு ஏற்றிய கரும்பு, சாவடியில் நட்டுள்ள உயரத் தடுப்பில் உரசிக் கீழே விழும். சில ஓட்டுநர்கள் வழிவிட வேண்டும் என்று தாமே ஒரு கட்டை உருவிப் போடுவதும் உண்டு. அச்சுவை கண்ட யானைகள் குட்டிகளோடு வந்து சாலையோரம் காத்திருக்கக் கற்றுக்கொண்டன. சுங்கச்சாவடி யானை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை நெடுநேரம் நீடிப்பதில்லை. கரும்பு ஏற்றாத வண்டியையும் அது நிறுத்திச் சோதிக்கிறது; விரட்டப்படுகிறது; குட்டியும் அதே பாடத்தைக் கற்கிறது.

அன்று நின்றது ஒரு பெண் யானை. அதன் வயிற்றடியில் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலான குட்டி. யானைக்கு நேர் எதிரே ஒரு கரும்பு லாரி. ஆறு மணிக்குள் சாவடியைக் கடக்காவிட்டால் அந்த லாரி விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும். எடை குறைந்தால் காசு குறையும். ஓட்டுநர் சன்னல் வழியே கையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். ஒரு கட்டைக் கரும்பை உருவிக் காட்டுப் பக்கமாக எறிந்தால் ஐந்து நிமிடத்தில் வழி கிடைத்துவிடும். சாவடியில் நின்ற வனக்காவலர் ஒருவர் கையைக் குறுக்காக அசைத்தார். ஓட்டுநர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வரிசையின் நடுவே ஓர் இளைஞன் கைப்பேசியோடு இறங்கினான். காவலர் அதட்ட, மீண்டும் ஏறினான். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். பேரனின் உள்ளங்கையும் ஹாரனுக்குப் போயிற்று.

"சும்மா இரு கண்ணு" என்றார் அப்பத்தா. "அதும் பிள்ளைக்காரி."

யானை அவசரப்படவில்லை. துதிக்கையால் மண்ணைத் துழாவியது, காதை அசைத்தது, லாரியின் பின்புறத்தை மோப்பம் பிடித்தது. கிடைத்தது ஒன்றுமில்லை. குட்டி தாயின் கால்களுக்கிடையே புகுந்து மறுபக்கம் வந்தது. ஐந்தே முக்கால் ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஆறேகாலுக்குத் தாயும் குட்டியும் மூங்கில் புதருக்குள் இறங்கிப் போயின. கார்களுக்கு வழி திறந்தது. லாரிக்குத் திறக்கவில்லை. ஓட்டுநர் இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காவலரிடம் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். பிறகு சாலையோரம் குந்தி பீடி பற்ற வைக்கப் போனவர், காடு என்று நினைவு வந்து பெட்டியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கரும்பை எறியாமல் நின்றதற்கு அன்று அவருக்குக் கிடைத்தது ஓர் இரவுக் காத்திருப்புதான்.

இருள் கவியும் வேளையில் பண்ணாரியை அடைந்தபோது கோயிலில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. காலையில் நின்ற தன்னார்வலர் இல்லை. அப்பத்தா மீண்டும் சந்நிதிக்குச் சென்றார். அன்னையிடம் அவர் என்ன கேட்டார், என்ன விடை பெற்றார் என்பது அவருக்கும் அவளுக்கும் இடையிலானது. பூசாரி கொடுத்த புற்று மண்ணைத் தம் நெற்றியில் இட்டு, பேரன் நெற்றியிலும் இட்டு, மீதியைத் தாளில் மடித்துக்கொண்டார்.

வெளியே, சாவடிக்கு முன்னால், மலையேற வந்து ஆறு மணியைத் தவறவிட்ட லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பகலெல்லாம் ஓட்டிக் களைத்தவர்கள். சிலர் வண்டியடியில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் சக்கரத்தில் சாய்ந்தபடி வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். பழைய காலத்துப் பொதிமாட்டுக்காரர்களும் இவ்விடத்தில் இப்படித்தான் இளைப்பாறியிருப்பர்.

அப்பத்தா காரின் கதவைத் திறந்து பழத்தை எடுத்தார்.

"அப்பத்தா, நேரமாச்சு" என்றான் பேரன்.

"இருக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் முதல் லாரியருகே சென்றார். "ஏனுங்க தம்பி, கோயில் பழமுங்க. சாப்பிடுங்க." அடுப்பூதிக்கொண்டிருந்தவர் எழுந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரு கைகளாலும் வாங்கினார். அடுத்த வண்டியில் இருவர். அதற்கடுத்ததில் ஓட்டுநர் உறங்கிப்போயிருந்தார். கிளீனர் பையன் அவருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டான். அப்பத்தா ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்தபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். இருபத்திரண்டில் லாரிகள் தீர்ந்துபோயின. மீந்த ஐந்து பழங்களோடு அவர் சிறிது நேரம் நின்றார். மலைப் பக்கத்திலிருந்து விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பால் வண்டி இறங்கி வருவது தெரிந்தது. அது சாவடியில் வந்து நிற்கட்டும் என்று காத்திருந்தார்.